ஆபர்னிலும் டஸ்கலூசாவிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு



தேங்க்ஸ்கிவிங் வாரம் நெருங்குகிறது. ஆபர்னில் இருப்பவர்கள், மளிகைக் கடைக்காரர் முதல் பேராசிரியர் வரை எல்லோரும் ‘வார் ஈகிள்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்டுப் பழகியிருப்பீர்கள். டஸ்கலூசாவில் அதே இடத்தில் ‘ரோல் டைட்’. திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மேற்படிப்புக்கு வந்தவர்கள் நீங்கள். ஆகஸ்டில் வந்து இறங்கியபோது அமெரிக்கக் கால்பந்தின் விதி ஒன்றுகூடத் தெரியாமல் இருந்த உங்களில் பலர், இதற்குள் ஆரஞ்சு நிறத்திலோ கருஞ்சிவப்பிலோ ஒரு சட்டை வாங்கியிருப்பீர்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். லேப், அறை, இந்தியன் ஸ்டோர் என்ற மூன்று இடங்களுக்குள்ளேயே படிப்புக் காலத்தை முடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் வாழ்ந்த ஊர் எதற்குச் சிரிக்கும், எதற்கு அழும் என்று தெரியாமலே போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். இரண்டு பல்கலைக்கழகங்களும் மோதும் அயர்ன் போல் ஆட்டத்துக்குப் போங்கள். தொண்டை கட்டும்வரை கத்துங்கள்.

ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை. அதற்கு முந்தைய இரவுகளையும், ஆட்டம் முடிந்த பிறகு வரும் இரண்டு மூன்று மணி நேரத்தையும் நினைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். வாட்ஸாப் குழுவில் யாராவது ஒருவர், “மச்சி, அவனுங்க சிலைக்கு ஏதாவது பண்ணலாமா?” என்று கேட்பார். நாலு பேர் சிரிப்பார்கள். காரில் இடம் இருக்கிறது என்பார் ஒருவர். இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டரை மணி நேரப் பயணம்தான். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். குறும்பே கூடாது என்று உபதேசிக்க வரவில்லை. நல்ல குறும்பு எனக்குப் பிடிக்கும், கீழே சிலவற்றை ஆசைதீரச் சொல்லவும் போகிறேன். அதற்கு முன், உங்கள் ஊரிலேயே நடந்த ஒன்றை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு அதைப் பாதிதான் சொல்வார்கள்.

இந்தப் போட்டி 1893இல் தொடங்கியது. 1907இல் 6–6 என்று சமனில் முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு, ஆட்டக்காரர்களின் படிக்காசு எவ்வளவு, நடுவரை எங்கிருந்து அழைப்பது என்ற சச்சரவில் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டன. அந்த முறைப்பு 41 ஆண்டு நீடித்தது. ஒரே மாநிலத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக ஒன்றையொன்று மைதானத்தில் சந்திக்கவில்லை. 1948இல் மீண்டும் ஆட முடிவெடுத்தபோது இரு மாணவர் தலைவர்களும் பர்மிங்ஹாம் நகரப் பூங்காவில் குழி தோண்டி ஒரு கைக்கோடரியைப் புதைத்தார்கள். பகை முடிந்தது என்பதற்கு அது இந்த நாட்டு அடையாளம். அந்த ஆட்டத்தில் அலபாமா 55–0 என்று வென்றது. அப்படித் தோற்றவர்கள் மறு ஆண்டும் ஆட வந்தார்கள் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். நெடுங்காலம் இரும்பும் எஃகும் உருக்கிய பர்மிங்ஹாமில் நடந்ததால்தான் அயர்ன் போல் என்ற பெயர் வந்தது.

இனி மரங்களின் கதை. ஆபர்னில் காலேஜ் தெருவும் மக்னோலியா அவென்யூவும் சந்திக்கும் முனையை டூமர்ஸ் கார்னர் என்பார்கள். எதிரே 1896இல் தொடங்கிய டூமர்ஸ் மருந்துக் கடை, அங்கே கிடைக்கும் எலுமிச்சைச் சாறு பேர்போனது. பல்கலைக்கழக வாசலில் இரண்டு பெரிய லைவ் ஓக் மரங்கள் நின்றன. அணி வென்றால் ஊரே அங்கே கூடி, டாய்லெட் பேப்பர் சுருள்களைக் கிளைகளின் மேல் வீசும். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அப்பாக்கள் வீசுவார்கள். கொஞ்ச நேரத்தில் மரம் முழுக்க வெள்ளையாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குப்பை. அந்த ஊர்க்காரருக்கு, தன் தாத்தா நின்ற இடத்தில் தானும் நிற்கிறோம் என்ற நிறைவு.

2010 நவம்பர் 26. டஸ்கலூசாவில் ஆட்டம். அலபாமா 24–0 என்று முன்னே போய்விட்டது. கேம் நியூட்டன் தலைமையில் ஆபர்ன் மெல்ல மெல்ல ஏறி வந்து 28–27 என்று வென்றது. அடுத்த ஜனவரியில் தேசிய சாம்பியன் பட்டமும் அதற்கே கிடைத்தது. அலபாமாவின் மாபெரும் பயிற்சியாளர் பேர் பிரையன்ட்டின் சிலைக்கு யாரோ கேம் நியூட்டனின் ஜெர்சியை மாட்டிவிட்டார்கள். என் கணக்கில் அது நல்ல குறும்புதான். சட்டையைக் கழற்றினால் சிலை பழையபடி சிலை.

2011 ஜனவரி 27 அன்று, பால் ஃபைன்பாமின் வானொலி நிகழ்ச்சிக்கு டேட்வில் என்ற ஊரிலிருந்து ஒருவர் பேசினார். பெயர் அல் என்றார். பிரையன்ட் 1983இல் இறந்தபோது ஆபர்ன்காரர்கள் அந்த மரங்களில் காகிதம் வீசிக் கொண்டாடினார்கள் என்று குற்றம் சாட்டினார். அப்படி நடந்ததற்கு ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை. பிறகு சிலைக்கு மாட்டிய ஜெர்சியைச் சொன்னார். கடைசியில், டூமர்ஸ் மரங்களின் அடியில் ‘ஸ்பைக் 80டிஎஃப்’ ஊற்றிவிட்டேன், அவை இன்னும் சாகவில்லை, ஆனால் நிச்சயம் சாகும் என்றார். பல்கலைக்கழகம் மண்ணை எடுத்துச் சோதித்தது. சொன்னது உண்மை. மூன்று வாரத்தில் கைதானவர் பெயர் ஹார்வி அப்டைக், வயது 62, டெக்சாஸ் மாநிலக் காவல்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் பிள்ளைகளில் ஒருவருக்கு பேர் பிரையன்ட் என்றும் ஒருவருக்கு க்ரிம்சன் டைட் என்றும் பெயர் வைத்தவர். அவர் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூடப் படித்தவரில்லை.

அந்த மருந்து என்ன செய்யும் என்பதை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். ஸ்பைக்கின் உள்ளே இருப்பது டெபுதையூரான். மேய்ச்சல் நிலங்களிலும் வேலியோரங்களிலும் புதர்களையும் மரங்களையும் ஒழிக்கப் பயன்படுத்துவது. வேர் வழியே ஏறி, இலை வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் வேலையை நிறுத்திவிடும். இலை காய்ந்து உதிரும். மரம் தன் உடம்பில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துப் புதுத் தளிர் விடும். அதுவும் காயும். மறுபடி விடும், மறுபடி காயும். சேமிப்பு தீரும்வரை இப்படி ஓடும். ஆண்டுக்கணக்கில் மண்ணில் தங்கும் நஞ்சு அது. ஆபர்னின் தோட்டக்கலைப் பேராசிரியர் கேரி கீவர் தலைமையில் நஞ்சேறிய மண்ணைத் தோண்டி அகற்றினார்கள், வேர்களைச் சுற்றி நஞ்சை உறிஞ்சும் கரித்தூளைப் போட்டார்கள், மரத்துக்குள் சர்க்கரைக் கரைசல் செலுத்திக்கூடப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுப் போராட்டம். 2013 ஏப்ரல் 20 அன்று கடைசி முறையாக அந்தக் கிளைகளில் காகிதம் வீச ஒரு பெருங்கூட்டம் கூடியது. 23ஆம் தேதி மரங்களை வெட்டினார்கள்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்தத் தொலைபேசி அழைப்பைத்தான். நஞ்சு ஊற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. யாருக்கும் தெரியாது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், கோடையில் மரம் நோய் வந்து பட்டதாகவே ஊர் நினைத்திருக்கலாம். ஆனால் தோற்ற ரசிகருக்கு வேண்டியிருந்தது மரத்தின் சாவல்ல, எதிரணிக்காரர் முகத்தில் தெரியும் வலி. யாரும் பார்க்காவிட்டால் அந்த வலிக்கு அவருக்கு மதிப்பில்லை. அதனால் பேச வேண்டியிருந்தது. பேசியும் தன் சொந்தப் பெயரைச் சொல்லத் துணிவில்லை. குறும்புக்காரனுக்குக் கிடைக்கும் கைதட்டல் வேண்டும், ஆனால் அதற்கான முகம் தன்னிடம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் அவர்.

அவர் கண்ட பலன் என்ன? 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் சிறை, அதன் பிறகு ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, கல்லூரி விளையாட்டு எதற்கும் போகக் கூடாது என்ற தடை. ஏறக்குறைய 8 லட்சம் டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது நீதிமன்றம். 2020இல் இறந்தபோது அதில் மிகப் பெரும்பகுதி கட்டப்படாமலே இருந்தது. தான் உயிராக நேசித்த விளையாட்டை மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கும் உரிமையே அவரிடமிருந்து போயிற்று. ஆபர்ன் அணியோ மரங்கள் வெட்டப்பட்ட அதே 2013இல், நவம்பர் 30 அன்று, கடைசி விநாடியில் அலபாமா உதைத்து இலக்கை எட்டாமல் போன பந்தைத் தன் எல்லைக்குள் பிடித்து, மைதானத்தின் முழு நீளமும் ஓடி 34–28 என்று வென்றது. ‘கிக் சிக்ஸ்’ என்று இன்றும் பேசுகிறார்களே, அதுதான். அன்றிரவு டூமர்ஸ் கார்னரில் அந்த மரங்கள் இல்லை. கம்பம் நட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். அதன் மேல் வீசினார்கள்.

இந்தக் கதையின் மறுபாதியைத்தான் யாரும் சொல்வதில்லை என்றேன். மரங்களுக்கு நஞ்சு வைக்கப்பட்ட செய்தி வெளியானதும் அலபாமா ரசிகர்களே ‘டைட் ஃபார் டூமர்ஸ்’ என்ற பெயரில் ஒன்றுகூடி, மரங்களைக் காப்பாற்றப் பணம் திரட்டி ஆபர்னுக்குக் கொடுத்தார்கள். அந்த வசந்தத்திலேயே, 2011 ஏப்ரல் 27 அன்று, டஸ்கலூசாவைச் சூறாவளி தாக்கியது. அந்த ஒரு சூறாவளியில் மட்டும் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், தெருத் தெருவாக வீடுகள் தரைமட்டமாயின. இப்போது ஆபர்ன் ரசிகர்கள் ‘டூமர்ஸ் ஃபார் டஸ்கலூசா’ என்று குழு அமைத்தார்கள். ஃபேஸ்புக்கில் ஆயிரம் ஆயிரமாகச் சேர்ந்து, தண்ணீரும் உணவும் துணியும் வண்டி வண்டியாக அனுப்பினார்கள். அலபாமா மாநிலத்தைப் பற்றி ஊரிலிருப்பவர்கள் கேட்டால் எதைச் சொல்வது என்று தெரியவில்லை என்பீர்களே, இதைச் சொல்லுங்கள்.

இப்போது நல்ல குறும்புகளுக்கு வருகிறேன். எனக்கு எல்லாவற்றிலும் மேலானது 1961இல் கால்டெக் மாணவர்கள் செய்தது. பாசடீனாவில் ரோஸ் போல் ஆட்டம், வாஷிங்டனுக்கும் மினசோட்டாவுக்கும். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டம். மைதானம் இருக்கும் ஊரிலேயே கால்டெக் இருந்தும், அதன் கால்பந்து அணியை யாரும் கண்டுகொள்வதில்லை. வாஷிங்டன் ரசிகர்கள் இடைவேளையில் வண்ண அட்டைகளைத் தூக்கிப் படம் காட்டுவார்கள். ஒவ்வொரு இருக்கையிலும் எந்த எண்ணுக்கு எந்த அட்டை என்று ஒரு குறிப்புத் தாள் இருக்கும். கால்டெக் மாணவர் ஒருவர், பள்ளிப் பத்திரிகை நிருபர் என்று சொல்லிக்கொண்டு போய், இது எப்படி வேலை செய்கிறது என்று அவர்களிடமே பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஒரு தாளைக் கிளப்பிக்கொண்டு வந்து, 2,232 தாள்களை மாற்றி அச்சடித்து, கையால் திருத்தி, பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். ஆட்டத்தன்று முதல் சில படங்கள் சரியாகவே வந்தன. பிறகு வாஷிங்டனின் ஹஸ்கி நாய் வர வேண்டிய இடத்தில் கால்டெக்கின் நீர்நாய் போலத் தோன்றும் பீவர் வந்தது. அடுத்து, அணியின் பெயர் பின்னாலிருந்து முன்னாக வந்தது. கடைசியில் மைதானம் முழுக்கத் தெரிய, கோடிக்கணக்கானவர் பார்க்க, ‘கால்டெக்’ என்று பெரிய எழுத்தில் வந்தது. வாஷிங்டன் ரசிகர்கள் தங்கள் கையாலேயே தூக்கிப் பிடித்தார்கள்.

இதில் எத்தனை வேலை இருக்கிறது என்று பாருங்கள். அடுத்தவர் செய்வதை மதித்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அச்சடிக்க வேண்டும். ஒரு எண் தவறினாலும் படம் குலையும். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை, யாரும் அழவில்லை. தங்கள் பெயரையும் எழுதிவிட்டார்கள். கோடிக்கணக்கானவர் முன்னால் வேண்டாம், எட்டுப் பேருக்கு முன்னால் உங்கள் பெயரை எழுத முடிகிறதா என்று உங்கள் திட்டத்தைச் சோதித்துப் பாருங்கள். முடியாதென்றால் அந்தத் திட்டத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

2004இல் ஹார்வர்ட், யேல் ஆட்டத்திலும் இதே வித்தை. யேல் மாணவர்கள் ‘ஹார்வர்ட் உற்சாகக் குழு’ என்று சட்டை அச்சடித்துப் போட்டுக்கொண்டு, ஹார்வர்ட் ரசிகர்களிடமே சுமார் 1,800 அட்டைகளைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார்கள். ‘நாங்கள் உதவாக்கரை’ என்ற பொருள்பட எழுத்துகள் விரிந்தன. ஆட்டத்தில் ஹார்வர்ட் 35–3 என்று வென்றது. இன்று அந்த எண்ணை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அட்டைகளைத்தான் பேசுகிறார்கள். 1982இல் கலிஃபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும் மோதிய ஆட்டம், மைதானத்துக்குள் நுழைந்துவிட்ட ஸ்டான்ஃபோர்ட் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு நடுவே ஓடிப் பந்தை எடுத்துச்சென்று கலிஃபோர்னியா 25–20 என்று வென்றதில் முடிந்தது. சில நாளில் ஸ்டான்ஃபோர்ட் பத்திரிகை மாணவர்கள், எதிரணியின் மாணவர் நாளிதழைப் போலவே போலி இதழ் ஒன்றை அச்சடித்து, அந்த வளாகத்திலேயே பரப்பினார்கள். முடிவு மாற்றப்பட்டது, ஆட்டம் ஸ்டான்ஃபோர்டுக்கே என்று தலைப்பு. படித்தவர்கள் கொஞ்ச நேரம் நிலைகுலைந்து போனார்கள். எழுதத் தெரிந்தவன் எழுத்தால் அடித்த அடி.

நல்லதாகத் தொடங்கி வரம்பு மீறியதும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ.வுக்கு அதன் பழைய மாணவர்கள் 1939இல் ஒரு ரயில் எஞ்சினின் மணியைக் கொடுத்தார்கள். 1941இல் எதிரணியான யு.எஸ்.சி.யின் மாணவர்கள், மணியை வண்டியில் ஏற்ற உதவுவதுபோல் கூட்டத்தில் கலந்து, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். மாற்றுச் சாவிக்கு ஆள் போன நேரத்தில் வண்டியோடு கிளம்பிவிட்டார்கள். இதுவரை கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் மணி ஓராண்டுக்கு மேல் இடம் மாறி இடம் மாறி ஒளிந்திருக்க, பதிலுக்கு யு.எஸ்.சி.யின் டாமி ட்ரோஜன் சிலை சாயம் பூசப்பட, பதிலுக்குப் பதில் என்று வளர்ந்து, போட்டியையே நிறுத்திவிடுவேன் என்று யு.எஸ்.சி. தலைவர் எச்சரிக்கும்வரை போனது. 1942 நவம்பரில் அதே சிலையின் முன்னால் இரண்டு மாணவர் தலைவர்களும் உடன்படிக்கை எழுதினார்கள். அன்றிலிருந்து மணி வென்றவர் கையில். இன்றும் ஆட்ட வாரத்தில் யு.எஸ்.சி.யில் அந்தச் சிலையைச் சுற்றி மூடி வைத்து, இரவெல்லாம் மாணவர்கள் காவல் இருக்கிறார்கள். அந்த இரவுக் காவல்தான் அவர்களுக்குப் படிப்புக் காலத்தின் மறக்க முடியாத நினைவாக மிஞ்சுகிறது.

விலங்குகள் பக்கம் போகவே போகாதீர்கள். 1917இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆட்கள் இரவில் புகுந்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நீள்கொம்புக் காளை பீவோவின் விலாவில் 13–0 என்று பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். அவர்கள் 1915இல் வென்ற கணக்கு அது. அந்தக் காளை எந்த ஆட்டத்திலும் தோற்கவில்லை. பிறகு அதை அறுத்து விருந்து வைத்தபோது, சூடு போட்டவர்களின் பல்கலைக்கழகத்துக்கும் அழைப்புப் போயிற்று. நூறு ஆண்டு கழித்தும் புத்தி வந்ததா என்றால், 2021 நவம்பரில் ராணுவக் கழக மாணவர்கள் கடற்படைக் கழகத்தின் ஆட்டைத் திருடப் போய், ஒற்றைக் கொம்பும் மூட்டுவலியும் உள்ள ஓய்வுபெற்ற கிழ ஆட்டைத் தூக்கி வந்தார்கள். உயிருள்ள சின்னங்களைத் தொடுவதில்லை என்று இரு கழகங்களும் 1992லேயே ஒப்பந்தம் செய்திருந்தன.

சங்கப் பாடல்களைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதெல்லாம் கேட்ட கதையாகவே தோன்றும். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. கலிஃபோர்னியா மாணவர்கள் 1899இல் பறித்துக்கொண்டு போன ஸ்டான்ஃபோர்டின் கோடரியை 1930இல் இருபத்தொரு ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் புகைப்படக்காரர் வேடத்தில் போய் மீட்டு வந்தார்களே, அது அப்படியே கரந்தை. பகை மன்னனின் காவல்மரத்தை வெட்டுவதும், அதில் தன் யானையைக் கட்டுவதும் வெற்றியின் அறிவிப்பு.  அலபாமாவின் சின்னம் யானை என்பதால் எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை. ஆனால் அங்கே மரத்தை வெட்டப் போனவன், அதைக் காத்து நின்றவர்களின் வேலுக்கு முன்னால் போய் நின்றான். தன் உயிரைப் பணயம் வைத்தான். டூமர்ஸ் கார்னரில் இருட்டில் குனிந்து மருந்தை ஊற்றியவருக்கு எதிரே யார் நின்றார்கள்? அணி இல்லை, பயிற்சியாளர் இல்லை, ரசிகர்கூட இல்லை. வேர்தான் இருந்தது.

எந்தக் கல்லூரியிலும் சிலையில் பெயிண்ட் அடித்தால் மறுநாள் அதைச் சுரண்டி எடுப்பது எதிரணியின் குவார்ட்டர்பேக் இல்லை. விடியுமுன் வேலைக்கு வரும் துப்புரவுத் தொழிலாளர். புல்லில் எழுத்துத் தெரியக் களைக்கொல்லி தெளித்தால், முட்டி போட்டு அதைச் சரிசெய்வது மைதானத் தோட்டக்காரர். அவர் எந்த அணிக்குக் கை தட்டுகிறார் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. நம் ஊரில் எதிர் நடிகரின் போஸ்டரில் சாணி அடித்த காலத்தை உங்கள் அப்பாக்களிடம் கேளுங்கள். அந்த நடிகர் அதைப் பார்த்ததே இல்லை. சுவர்க்காரர்தான் கழுவினார்.

காகிதத்தோடு தீயைச் சேர்ப்பதையும் சொல்லியாக வேண்டும். டூமர்ஸ் முனையில் 2015இல் புது மரங்கள் நட்டார்கள். 2016 செப்டம்பரில் எல்.எஸ்.யூ.வை வென்ற இரவு, கொண்டாட்டத்தின் நடுவே, கிளையில் தொங்கிய காகிதத்தில் தீ வைக்கப்பட்டது. நஞ்சிலிருந்து மீண்ட ஊர், இரண்டே ஆண்டுக்குள் மறுபடி மரம் மாற்ற வேண்டியதாயிற்று. வீசுங்கள், ஆசைதீர வீசுங்கள். லைட்டர் வைத்திருக்கும் நண்பர் பக்கத்தில் நின்றால் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமை கூடப் படிக்கும் அமெரிக்கப் பையனின் நிலைமை இல்லை என்பதையும் கண்ணைத் திறந்து பாருங்கள். அவன் பிடிபட்டால் அப்பா வக்கீல் வைப்பார், சமூக சேவை செய்வான், படிப்பு முடிப்பான். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்குக் கைது ஆனதே போதும். தீர்ப்பு வருமுன்னே விசா ரத்தாகலாம். சேதத்தின் மதிப்பு கூடக் கூட சின்ன வழக்கு பெரிய குற்றமாக மாறும். 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் ‘செவிஸ்’ என்ற அரசுப் பதிவேட்டிலிருந்து திடீரென்று நீக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களில் பலர்மேல் இருந்தது போக்குவரத்து மீறல் போன்ற அற்ப வழக்கு, சிலர்மேல் தள்ளுபடியான வழக்கு. நீதிமன்றங்கள் ஏறிய பிறகுதான் பதிவுகள் திரும்பின. அத்தனை நாள் அந்தப் பிள்ளைகள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? கல்விக்கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துவிட்டு உங்களை ஏற்றிவிட்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கூட்டத்தில் கடைசி ஆளாக வேடிக்கை பார்க்க நின்றாலும் கேமராவில் உங்கள் முகமும் பதியும். அதனால், அந்தக் காரில் ஏறாதீர்கள். யாராவது ‘பயந்தாங்கொள்ளி’ என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதற்குப் பதில் என்ன செய்யலாம்? உங்களிடம் இருப்பது அவர்களிடம் இல்லையே. ஆபர்ன் தமிழ்ப் பிள்ளைகளே, டஸ்கலூசாவில் படிக்கும் நண்பருக்கு ஆரஞ்சும் நீலமும் கலந்த பட்டாசுப் பெட்டி போன்ற பார்சலில் லட்டு அனுப்புங்கள், ஒவ்வொரு லட்டின் அடியிலும் 28–27 என்று எழுதிய தாள் இருக்கட்டும். டஸ்கலூசாப் பிள்ளைகளே, நீங்கள் 55–0 என்று கோலம் போடுங்கள், கேட்டு அனுமதி வாங்கி, ஆபர்ன் நண்பர்களின் வாசலிலேயே போடுங்கள். தோற்ற ஊரின் தமிழ்ச் சங்கம் வென்ற ஊரின் சங்கத்துக்குப் பொங்கல் விழாவில் பந்தி பரிமாறும் என்று பந்தயம் கட்டுங்கள். இதற்கு முன்மாதிரி அங்கேயே இருக்கிறது. அயர்ன் போலில் தோற்ற பல்கலைக்கழகத்தின் மாணவர் தலைவர், பிறகு நடக்கும் கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில், வென்றவர்களின் பாட்டை எல்லோர் முன்னிலும் பாட வேண்டும் என்பது மரபு. அரங்கம் முழுக்கக் கேலி செய்யும். அவர் பாடி முடிப்பார். ஃபாய் கோப்பை கைமாறும். அந்தக் கோப்பைக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஃபாய், அலபாமாவில் படித்து ஆபர்னில் மாணவர்களுக்கு டீனாக இருந்தவர்.

ஒற்றைப்படை ஆண்டில் ஆட்டம் ஆபர்னில், இரட்டைப்படையில் டஸ்கலூசாவில். டிக்கெட் கிடைக்காவிட்டாலும் காலையிலேயே போய்விடுங்கள். மைதானத்தைச் சுற்றிக் கூடாரம் போட்டுச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். எதிரணிச் சட்டையோடு போய் நின்று பாருங்கள், கேலி செய்துகொண்டே தட்டில் போட்டுக் கொடுப்பார்கள். அந்த வாரம் டார்ம் சாப்பாட்டுக் கூடம் மூடியிருக்கும், பர்மிங்ஹாமிலும் ஹண்ட்ஸ்வில்லிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், கூப்பிடுவார்கள். குறும்பு என்ன செய்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள். செய்தவர்கள் எல்லோருடைய பெயரையும் போட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே இந்த ஊருக்கு வந்து சேர்ந்த ஒருவர்